டெனர் நிற்கும் இடம்

தவசிங்கின் சுட்டுவிரல் ஃபிரிட்ஜைப் பார்த்து நீண்டு நிற்கிறது, அங்கே ஆள் இல்லை, காந்தம் ஒட்டிய வெறும் கதவுதான், அப்பா, வெரல எறக்குங்க, என்று மகள் ஷீபா மெல்லச் சொல்கிறாள், அவர் இறக்கவில்லை, முப்பது வருடம் கோயிலில் பாடகர் குழுவை நடத்திய கை, டெனர் தொடங்க வேண்டிய இடம் வந்ததும் தானாக எழுந்துவிட்டது, இறங்கத்தான் தெரியவில்லை, அவர் மனைவி எப்சிபாவுக்கு அந்த விரலைப் பார்க்கவே ஆகவில்லை, மகன் ஆல்வின் அங்கே நின்று பாடி மூன்று டிசம்பர் ஆகிறது.

வருடா வருடம் இப்படித்தான், புதுக் கிறிஸ்துமஸ் ஆல்பம் வந்ததும் தவசிங் வாங்கி வருவார், முன்பு கேசட், பிறகு சிடி, இப்போது விரல் நீளத்தில் ஒரு பென் டிரைவ், ஒரு வாரம் அவர் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார், பிடித்த பாட்டு ஒன்றை எடுத்து நான்கு குரலுக்கும் நான்கு தாளில் சுரம் எழுதுவார், டோ ரே மீ மட்டும், வார்த்தை கிடையாது, ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஆல்பம் முழுவதையும் கேட்பார்கள், அதற்குமுன் யாராவது போனில் போட்டுக் கேட்டால் அது திருட்டு, கேட்டு முடித்ததும் அந்த ஒரு பாட்டை வீடே பாடும், ஷீபா மேல்குரல் சொப்ரானோ, எப்சிபா அதற்குக் கீழே ஆல்ட்டோ, அவர் அடிக்குரல் பேஸ், இரண்டுக்கும் இடையில் ஆல்வின் டெனர். சின்னவனாக இருக்கும்போது அவனும் ஆல்ட்டோதான், எப்சிபாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான், பதிமூன்றாவது கிறிஸ்துமஸில் பாட்டின் நடுவே குரல் உடைந்து பிளிறிவிட்டான், எல்லோரும் சிரித்தார்கள், தவசிங்தான் அதிகம் சிரித்தார், மறுவருடம் அவனை ஃபிரிட்ஜ் பக்கம் தள்ளி நிறுத்தினார், நாலே எட்டுத் தூரம், ஆனாலும் பிள்ளை வெளிநாடு போனதுபோல் இருந்தது அவளுக்கு, பாடத் தொடங்கியதும் அந்த டெனர் வந்து மாடிப்படிக் கைப்பிடிபோல் அவள் குரலுக்கு அண்டையாக நின்றது, அதைப் பிடித்துப் பிடித்தே பாடிப் பழகியவள், அவன் இல்லாத மூன்று வருடமாகச் சுருதி தப்பித் தப்பிப் போகிறாள்.

அவன் ஒன்றும் தூரத்தில் இல்லை, பாளையங்கோட்டையிலேயே இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான், பண்டிகை கொண்டாடாத வேறொரு சபையில் சேர்ந்துவிட்டான், அம்மா, நீங்க கொண்டாடுதது தப்புன்னு நான் சொல்லல, மனசு ஒப்பாம வாயத் தெறந்து எப்படிம்மா பாட, என்று சாப்பாட்டு மேசையில் கண் கலங்கத்தான் கேட்டான், தவசிங் தட்டைத் தள்ளிவிட்டு, பாடாதவனுக்கு டிசம்பர்ல இந்த வாசப்படியில என்ன சோலி, என்றார், சொன்ன வாய்க்கு அன்று இரவே வலித்திருக்கும், திருப்பி எடுக்கத்தான் தெரியாது, கேட்டவனும் அதே அச்சு, பதினோரு மாதம் வருவான், சாப்பிடுவான், பல்பு மாட்டுவான், டிசம்பர் பிறந்ததும் வாசல் கேட்டோடு சரி, அம்மாவுடைய பிரஷர் மாத்திரையைக்கூட ஸ்கூட்டரை அணைக்காமல் கம்பியில் தொங்கவிட்டுப் போய்விடுவான். ஆனாலும் தவசிங் ஒவ்வொரு வருடமும் நான்காவது தாளை எழுதி ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டுகிறார், இந்த வருடப் பாட்டில் வாத்தியமெல்லாம் நின்று டெனர் மட்டும் தனியாக இரண்டு வரி, நேற்று அவன் கேட்டுக்கு வந்தபோது, புது மாத்திரை வாங்கி வர, தீர்ந்துபோன அட்டையை எப்சிபா அந்தத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டாள், இது வெறும் சொரந்தாம்ல, என்று மட்டும் சொன்னாள், இன்று காலை தவசிங் காந்தம் வெறுமனே இருப்பதை நெடுநேரம் பார்த்தார், அதை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கிறது, மழைத் தூறலில் எஞ்சின் இரைகிறது, மாத்திரைப் பை கம்பியில் உரசுகிறது, போய்விடுவான், போய்விடுவான் என்று எப்சிபா தரையைப் பார்க்கிறாள், எஞ்சின் அணைகிறது. தவசிங்குக்கும் அது கேட்டது, வாசலைப் பார்க்காமல், மொதல்லருந்து, என்றார், மூன்று பேரும் பாடி வந்து அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், விரல் எழுகிறது, ஃபிரிட்ஜை விட்டுத் திரும்பி வாசலைக் காட்டுகிறது, கேட்டிலிருந்து வந்தது, சோ, சோ, லா, டோ, வார்த்தை ஒன்றுகூட இல்லை, தாளில் இருந்த சுரம் மட்டும், ஒன்றும் பிசகாமல். இனி ஆல்ட்டோ சேர வேண்டும், சுருதி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, எப்சிபா பாட மறந்து வாசலையே பார்க்கிறாள், ஆல்ட்டோ எங்கட்டி, மூணு வருசமா சுருதி கெடைக்கலன்னு அழுதியே, கெடச்சிருக்குல்லா, பாடு, என்று அதட்ட வந்த தவசிங்குக்கே குரல் உடைந்தது, பதிமூன்று வயதுப் பையனைப்போல் பிளிறியது, யாரும் சிரிக்கவில்லை, அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்டுல நின்னா பேஸ் கேக்காது, உள்ள வந்து நிக்கச் சொல்லு, சொரமே போதும், என்றார்.

மறுபடி முதலிலிருந்து, ஷீபா, எப்சிபா, அவர், அந்த இடம் வருகிறது, தவசிங் விரலை ஃபிரிட்ஜைப் பார்த்து நீட்டுகிறார், காந்தம் தெரியவில்லை, கதவு தெரியவில்லை, நனைந்த ஹெல்மெட்டை மாரோடு அணைத்தபடி மகன் மறைத்துக்கொண்டு நிற்கிறான்.