கேடயத்தில் குத்துக்கோடுகள்

வந்தவர் தன் பெயர் தெ வோக்லேர் என்றார். சீமான் என்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார். நிக்கேஸுக்கு அதுவே உறுத்தியது. நிஜச் சீமானுக்கு அதைச் சொல்ல ஒரு வேலைக்காரன் இருப்பான்.

பாரிஸில், சேன்-ஜாக் தெருவில், செப்புத் தகட்டில் முகம் செதுக்குவது நிக்கேஸின் தொழில். அச்சிடுவது மனைவி தொமாஸ். வோக்லேர் தன் படத்தில் கேட்டவை மூன்று: உடம்புக்கு இரும்புக் கவசம், கீழே குலச் சின்னம் பொறித்த கேடயம், அதன் அடியில் பத்து வருடம் முந்தைய தேதி.

தேதிதான் இடித்தது. வரிக்குத் தப்பிய போலிச் சீமான்களை அரசரின் ஆட்கள் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த நேரம். பழைய படம் ஒன்று இருந்தால் பரம்பரைக்குச் சாட்சி ஆகிவிடும். போலிக் கேடயம் செதுக்கியவனும் மாட்டுவான். அச்சு யந்திரம் பறிபோகும்.

குலப் பத்திரத்தைப் பார்க்காமல் நிக்கேஸ் கேடயத்தைச் செதுக்குவதில்லை. மூன்று வாரமாக வோக்லேரின் பத்திரம் 'வந்துகொண்டே' இருந்தது. முகமும் கவசமும் முடிந்தன. கேடயம் மட்டும் காலி.

கேடயம் நீல நிறம் என்று வோக்லேர் சொல்லியிருந்தார். கறுப்பு மையில் நிறம் ஏது? படுக்கைக் கோடு போட்டால் நீலம், குத்துக்கோடு போட்டால் சிவப்பு. வண்டிக் கதவிலும் வெள்ளித் தட்டிலும் தன் குலச் சின்னத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாமல் போகாது. நிக்கேஸ் முதல் பிரதியை எடுத்து, காலிக் கேடயத்தில் பேனாவால் வேண்டுமென்றே குத்துக்கோடுகள் போட்டு நீட்டினான்.

வோக்லேர் முதலில் தன் தாடையை ரசித்தார். பிறகு கேடயத்துக்கு வந்தார்.

"அச்சு அசல் எங்கப்பா வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்குப்பா."

நீலம் என்றவருக்குச் சிவப்புக் கோடு தெரியவில்லை. நிக்கேஸ் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பத்திரம் வந்ததும் செதுக்கித் தருவதாகச் சொன்னான். அவர் கோபிக்கவில்லை, குரலைத் தாழ்த்தினார்.

"பத்திரம் கேக்காம செதுக்குறவங்க இந்தத் தெருவுல யாரு?"

பொய்யன் கேட்கிற கேள்விதான். அரசரின் ஒற்றன் கேட்பதும் இதுவாகத்தான் இருக்கும்.

"எனக்கு யாரையும் தெரியாதுங்க. நான் வெளியவே போறதில்ல."

"கோயிலுக்குக்கூடப் போறதில்லைங்க, கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே அலுத்துப்போச்சு" என்றாள் தொமாஸ், மை துடைத்தபடி.

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பும் பிடிபடவில்லை.

"போலியா, ஒற்றனா?" என்றாள் தொமாஸ்.

"எவனா இருந்தா என்ன? அந்த மூஞ்சி நம்ம வீட்டுல இருக்கக் கூடாது."

பிரதி அடுப்புக்குள் போனது. நிக்கேஸ் தகட்டைத் தேய்த்து மழிக்கும் இரும்பை எடுத்தான். கவசம் கிடக்கட்டும், அடுத்துப் படம் கேட்டு வருபவரின் தலை அதன்மேல் உட்காரும். மூன்று வார உழைப்பில் முதலில் அழித்தது கண்களை. அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவை அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.