பவுனின் முதுகு

1

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு குதிரைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டேன். இறங்கும்போது ஜிகினா விரிப்பு விலகியது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். விரிப்பை நானே இழுத்து மூடிவிட்டு வந்தேன். இந்தக் கதை எழுத வேறு காரணம் இல்லை.

2

'கடல் அன்று ஒரு தாயைப் போல'

வேண்டாம்.

யோகேஸ்வரி மீனவக் குப்பத்துப் பெண். பவுனு என்ற சவாரிக் குதிரை அவளுக்கும் அண்ணன் மாரிக்கும் பொது. குப்பத்தில் காலைக் கிழித்துக்கொண்டவர்கள் கடலில் போய் நிற்பார்கள், ஆறிவிடும். முதுகுப் புண் ஆற அவளும் பவுனைத் தினமும் கடலில் இறக்கினாள். ஈரம் காயுமுன் சேணம் ஏறியது. மணல் உள்ளே இருந்து அரைத்தது.

3

மாட்டாஸ்பத்திரி டாக்டர் விஷாகா சொன்னார்: "உப்பு சரிதாம்மா. மணல்தான் தப்பு. தண்ணிய காய்ச்சி ஆறவச்சு, உப்பு போட்டு ரெண்டு வேளை கழுவு. ஈ உட்காரக் கூடாது. ஆறி முடி முளைக்கிற வரைக்கும் சேணம் வைக்காதே. வச்சா எலும்பு வரைக்கும் போயிடும்."

(டாக்டர் இங்கே இரண்டு பக்கம் பேசினார். அடித்துவிட்டேன். யோகேஸ்வரிக்கு இவ்வளவு போதுமாக இருந்தது.)

4

கழுவத் தொடங்கிய பதினோராம் நாள், ஞாயிறு. புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகியிருந்தது. மாரி சேணத்தோடு வந்தான்.

"கூட்டம் வந்துகினு கீது. குதுரய கட்டிவச்சி அழகு பாக்கிறியா?"

"புண்ணு கீதுண்ணா."

"மேல ஜிகினா போட்டா எவனுக்குத் தெரியும்?"

"அதுக்குத் தெரியும்."

"ஒரே ஒரு ரவுண்டுடி."

"உன் முதுவுத் தோல உரிச்சிகினு வா. நான் ஏறி ஒரு ரவுண்டு போறேன்."

5

முடிவு ஒன்று: பவுனு சாகிறது. எழுதினேன். நன்றாகவே வந்தது, அதனால்தான் சந்தேகம். குதிரை செத்தால் நான் கொஞ்சம் அழுது தப்பித்துக்கொள்ளலாம்.

யோகேஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னா சார், உன் கதைக்கு என் குதுர சாவணுமா? வேற வேல பாரு."

முடிவு இரண்டு: மாரி சேணத்தைக் கீழே போட்டுவிட்டுத் தங்கையின் கையை

இல்லை. மாரி அப்படிப்பட்டவன் இல்லை.

6

ஆக, இப்படி நிற்கிறது. மாரியின் தோளில் சேணம். குறுக்கே யோகேஸ்வரி, கையில் உப்புத்தண்ணீர் மக்கு. அவள் நகரப்போவதில்லை, அவளை நகர்த்த மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பவுனு வாலால் ஈ ஓட்டுகிறது.

மாரி அவளை விட்டுவிட்டு, சவாரிக்கு நிற்கும் வரிசையைப் பார்க்கிறான். முதலில் நிற்பவரிடம், "நீங்க வாங்க, ஏறுங்க" என்கிறான்.

நான் ஏற்கெனவே ஏறியவன். வரிசையில் முதலில் நிற்பது நீங்கள்.