சலவை இயந்திரத்தின் பக்கத்தில்

பிள்ளை பெற்ற வீட்டில் எட்டு நாள் பகல் முழுக்க இருந்து தாயையும் சேயையும் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிறவர்களுக்குச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் கொடுப்பதும் நான்தான். இருபத்தாறு வருஷமாக நெதர்லாந்தின் ஹார்லிங்கன் ஊரில் கையோடு வாயும் ஓயாமல் வேலை செய்கிறது. பேசாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

நீன்கே வீட்டில் அன்று ஆறாம் நாள். தனக்கு ஆட்டிசம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, மெல்லத் தடவி, விடாமல் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் குழந்தை வாய் வைத்த மறுகணமே அவள் உடம்பு உதறும். பிள்ளையைக் கணவன் டௌவேயிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து அழுவாள். தாய்ப்பால் கொடுக்க அவளுக்கு அவ்வளவு ஆசை. குழந்தையின் எடை நாளைக்கும் ஏறாவிட்டால் புட்டிப்பால்தான் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

"புட்டிப்பால் குடிச்ச பிள்ளைங்களும் நல்லாத்தான் வளருது, கண்ணு," என்று அவள் தோளை வருடினேன்.

"தொடாதீங்க!" என்று கத்தியவள் குளியலறைக்குள் ஓடிவிட்டாள்.

"ஆறு நாளா அவ அதைத்தான் சொல்றா," என்றான் டௌவே. "நீங்க இடம் விட்டாத்தானே காதுல விழும்?"

எனக்குச் சுருக்கென்றது. நேற்றுப் பிறந்த பயல், எனக்குச் சொல்ல வந்துவிட்டான்! ஆனாலும் எழுந்து போனேன்.

அங்கே ஓடிக்கொண்டிருந்த சலவை இயந்திரத்தில் முதுகைச் சாய்த்து நீன்கே தரையில் உட்கார்ந்திருந்தாள். வட்டக் கண்ணாடிக்குள் சின்னஞ்சிறு சட்டைகள் உருண்டன. வெளியே கால்வாய்த் தண்ணீரில் பட்ட வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கூரையில் நெளிந்தது. அறையே தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருந்தது.

"இந்தச் சத்தம் ஒரே மாதிரி இருக்கு, அதான் இங்க வந்தேன்," என்றாள். "லேசாத் தொட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. பாப்பாவோட விரலும் அப்படித்தான். அழுத்திப் பிடிச்சா தாங்கிக்குவேன். ஆனா யாரும் பேசக் கூடாது."

குழந்தையைக் கொண்டுவந்தேன். அலைந்துகொண்டிருந்த அந்தக் குட்டிக் கையை நீன்கே தன் உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். நான் அவள் தோளை அழுத்திப் பிடித்தேன். வாயைப் பூட்டிக்கொண்டேன். உதறல் வந்தது, போனது. சட்டைகள் உருண்டன. எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

மடக், மடக் என்று கேட்டது. குழந்தை விழுங்கும் சத்தம். இதற்கு இடம் விடாமல் ஆறு நாளாக நான் பேசித் தீர்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

இயந்திரம் நின்றது. பிள்ளை உதட்டோரம் பாலோடு தூங்கிப்போயிருந்தாள்.

"இப்போ நீங்க பேசலாம்," என்றாள் நீன்கே.

வாயைத் திறந்தேன். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.