கம்பிக்கு உள்ளே ஒரு படம்

கம்பிக் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார் கணவர். “சாத்துனாத்தான் கைதி மாதிரி இருக்கும். நல்லா எடு” என்று இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து முகத்தைத் தொங்கப் போட்டார். மகளிடம் இரவல் வாங்கி வந்த கேமராவில் மனைவி படம் எடுத்தாள். ஊரின் பழைய கட்டடங்களைப் பெயர்த்து வந்து மரங்களுக்கு நடுவே நிறுத்தியிருந்த பூங்கா அது. காலையிலிருந்து பள்ளிக்கூடம், தபால் நிலையம், அச்சகம் என்று ஒவ்வொன்றின் முன்னாலும், தானே கட்டி முடித்தவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இந்தச் சிறையிலும் படம் நன்றாகவே வந்தது. கதவுதான் திறக்கவில்லை.

காவலாளி வந்து உலுக்கிப் பார்த்தார். “தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. பயப்படாதீங்க சார், ஆபீஸ்லேருந்து எண்ணெய் கொண்டாறேன்.” போகும்போது காவலாளியின் தோள் குலுங்கியதை இருவருமே பார்த்தார்கள்.

அவள் எதிரே இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டின் பின்னறையில் தைத்துத் தைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். தனியாகக் கடை போடும் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவர், “இதோ வந்துடறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். சண்டை போட்டால் பதில் சொல்லலாம். காலி நாற்காலியிடம் என்ன பேசுவது? மின் அலுவலகத்திலிருந்து அவர் ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. இன்று செருப்பு காலில்தான் இருந்தது. போகத்தான் வழியில்லை.

“ஏங்க, கடை ஒண்ணு பேசி முடிச்சிட்டேன். மருந்துக்கடைக்குப் பக்கத்துல. திங்கக்கிழமை சாவி குடுக்கறாங்க.”

அவர் கம்பியை விட்டார். கண் தானாக வெளிவாசலுக்குப் போய்த் திரும்பியது.

“என்னை ஒரு வார்த்தை கேக்கலையே.”

“கேட்டேன். கேக்கறப்பல்லாம் நீங்க தெருமுனையில இருந்தீங்க.”

“வீட்டை யாரு பாத்துக்குவா?”

“நீங்கதான் இருக்கீங்களே.”

அவர் சுவரோரம் போய்த் திரும்பி வந்தார். நாலு எட்டில் முடிந்துவிடும் அறை.

“ஓடலைன்னா? நாலு பேரு சிரிப்பாங்க” என்றார், தணிந்த குரலில்.

இவ்வளவு காலம் தெருமுனைவரை இதைத்தான் சுமந்து போயிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. இந்தப் பேச்சை மெஷின் சத்தத்துக்கு நடுவே எத்தனையோ தடவை தைத்துப் பிரித்துப் பார்த்தவள், தடுமாறாமல் சொன்னாள்.

“சிரிக்கட்டும். அவங்க வீட்டுத் துணியும் ஒருநாள் கிழியுங்க. அப்ப நம்ம கடைக்குத்தான் வரணும்.”

‘நம்ம’ என்ற சொல் மட்டும் அந்த அறைக்குள் நின்றது.

காவலாளி திரும்பி வந்து எண்ணெய் விட்டு ஒரு தட்டுத் தட்டியதும் கதவு முனகிக்கொண்டே திறந்தது. அவர் காவலாளிக்கு நன்றி சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்தார். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் திங்கட்கிழமை வரத்தான் போகிறது. கேமராவைத் துடைத்து, தோளில் மாட்டி, நிதானமாகப் பின்னால் போனாள்.

மரங்கள் விலகிய இடத்தில் ஒரு பழைய துணிக்கடை, மரப்பலகைக் கதவுகளுடன் திறந்திருந்தது. அவர் உள்ளே இருந்தார். உதடு அசைய எண்ணியபடி, வாசலோரம் இருந்த துணி வெட்டும் மேசையைக் கையால் சாண் சாணாக அளந்துகொண்டிருந்தார். மேசை முடிந்துவிட்டது. விரித்த கை விளிம்பைத் தாண்டி, வெயிலில் நீண்டு நின்றது.