நிறுத்தி வைக்கிற உத்தியோகம்

இந்தக் காலத்தில் ஒருத்தனிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் நேராகப் பதில் வருகிறதா? வராது. முன்னெல்லாம் ஒரே சொல்லில் முடிந்துபோகிற சங்கதி அது. லாரி ஓட்டுகிறேன், வாத்தியார், மிளகு வியாபாரம். கேட்டவனுக்கும் புரிந்துவிடும், சொன்னவனுக்கும் வெற்றிலை போட நேரம் மிஞ்சும். இப்போது கேட்டுப் பாருங்கள். கையை ஆட்டி ஆட்டிக் கால் மணி நேரம் பேசுகிறான், கடைசியில் ஒரு கம்ப்யூட்டரில் கொண்டுபோய் விடுகிறான். அதற்கு மேலும் கேட்டால் கேட்டவன்தான் முட்டாள். சோறு தின்பதற்காகச் செய்கிற வேலைக்கு இத்தனை வியாக்கியானம் எதற்கு என்பது குழந்தைசாமியின் கட்சி.

அதிலும் பேத்தி கௌசிகாவுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் வேலை இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் மேலே. பார்த்திருக்கிற என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். சென்னையில் நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் அவளே பார்த்துக்கொண்டாள். பையன் பெயர் சசிகுமார். மலையிலிருந்து இறங்கி சேந்தமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்ட அர்த்தனாரியின் மகன். சாதி சனம் எல்லாம் ஒன்றுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைதான் இடித்தது.

"பிளேன் ஓட்டறவனா?" என்று முதல் நாளே கேட்டார்.

"இல்லீங்க அப்புச்சி. எந்தப் பிளேனு எப்பக் கெளம்போணும்னு நேரம் குடுக்கறவரு."

"பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பருன்னு சொல்லு."

"அது மாதிரித்தான், ஆனா அது இல்லீங்க. வானத்துல கூட்டம் சேராம பாத்துக்கறது."

குழந்தைசாமி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் சிரித்தார். வானத்தில் கூட்டமாம். மலைமேல் திருப்புலி நாட்டில் பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர். மழையைப் பார்த்திருக்கிறார், பருந்தைப் பார்த்திருக்கிறார், எப்போதாவது வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகிற ஒற்றை விமானத்தையும் பார்த்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்ததில்லை.

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை பிழைக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது அவர்கள் குடும்பத்து வழக்கம். காடு என்றால் காட்டை மிதித்துப் பார்ப்பார்கள், கடை என்றால் எதிரே உட்கார்ந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். அதற்காக மகன் மாணிக்கத்தைச் சென்னைக்கு அனுப்பினார். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"உள்ள உடலீங்கப்பா. வாசல்ல துப்பாக்கிக்காரன் நிக்கறான். கேட்டத்தான் பாத்தேன்."

"கேட்டு எப்படி?"

"நல்ல கேட்டுங்க."

கண்ணால் பார்க்க விடாத வேலை என்ன வேலை? கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவன்தான் யாரையும் உள்ளே விட மாட்டான். பேசாமல் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். ஆனால் தகப்பன் இல்லாத பெண். அவள் அம்மா பழனாயி, அவர் மகள், பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோற்றைத் தட்டில் எறிந்தாள். அப்பன் வாயால் சொன்னால்தான் தட்டு மாற்றுவது என்று அவளும் பிடிவாதமாக இருந்தாள். கடைசியில் குழந்தைசாமி இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. வைகாசி ஞாயிற்றுக்கிழமை, உச்சிக்கு எமகண்டம் பிறக்கும். அதற்கு முன்னால் தட்டு மாறியாக வேண்டும். நேரம் தவறினால் தவறினதுதான், பெண் கிடையாது. நாலு பேர் முன்னிலையில் சொல்லி வைத்தார். தவறினால் நல்லது என்று பாதி மனசு நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் போய் அழைத்து வர வேண்டும். அதற்கும் அவர்தான் போனார். சேந்தமங்கலத்தில் வேனில் ஏற்றிக்கொண்டு அடிவாரம் காரவள்ளிக்கு வந்தால், செக்போஸ்டிலேயே வண்டி நின்றுவிட்டது.

கோடை விடுமுறையின் கடைசி ஞாயிறு. அருவியில் குளிக்க வேண்டும் என்று சேலம், நாமக்கல், ஈரோடு எல்லாம் ஒரே நாளில் நினைத்துக்கொண்டு கிளம்பி வந்திருந்தன. மேலே வளைவு வளைவாகக் கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. மலையிலிருந்து இறங்கிய அரசு பஸ் ஒன்று வளைவில் ஒடிக்க இடமில்லாமல் பாதி திரும்பி நின்றது. முந்திக்கொண்டு போகிறேன் என்று ஏறின புத்திசாலிகள் அதன் மூக்கிலேயே போய் ஒட்டிக்கொண்டார்கள். அப்படியும் கீழிருந்து ஒவ்வொருத்தனாக ஏறிக்கொண்டேதான் இருந்தான். போலீஸ் ஏட்டு ஒருத்தர் விசில் ஊதி ஊதிக் கன்னம் உப்பிப்போய் நின்றார்.

"எதுக்கு நிக்கறீங்க, ஏறச் சொல்லுங்க. சந்துல பூந்து போயிறலாம்" என்றார் குழந்தைசாமி.

"ஏறுனா நடு மலைல போய் நிக்கோணுங்க அப்புச்சி" என்றான் சசிகுமார். "அங்க போய் நிக்கறத இங்கயே நிக்கலாம். இங்க நெழலு இருக்குது, யாருக்கும் இடைஞ்சலும் இல்ல."

"இன்னும் தட்டே மாத்தல. அதுக்குள்ள அப்புச்சியா?"

"செரிங்க பெரியவரே."

சொல்லிவிட்டு வேனிலிருந்து இறங்கி ஏட்டிடம் போனான். பட்டு வேட்டியும் சந்தனமுமாக ஒருத்தன் வந்து யோசனை சொன்னதில் ஏட்டு முதலில் முறைத்தார். அவன் சொன்னது இவ்வளவுதான். ஏறுகிற வண்டி ஒன்றையும் விடாதீர்கள். மேலே சோளக்காட்டில் இருக்கிற போலீசுக்குப் போன் போட்டு இறங்குகிற வண்டியையும் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் மாட்டினது மட்டும் முதலில் பிரியட்டும். நேரம் ஆனாலும் நிற்க மாட்டேன் என்கிறவனை முள்ளுக்குறிச்சி வழியாகச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

ஏட்டுக்கும் வேறு வழி இல்லை. இரும்புத் தடுப்பை இழுத்து ரோட்டின் குறுக்கே போட்டார். தடுப்புக்குப் பின்னால் முதல் வண்டி இவர்களுடைய வேன்.

குழந்தைசாமிக்கு வயிறு எரிந்தது. புளியமரத்தடியில் சசிகுமார் வாங்கிக் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். டீ மீது அவருக்குக் கோபம் இல்லை.

"இதுதான் உன்ர வேலையா?"

"இதேதானுங்க. பஸ்ஸாவது வளைவுல நிக்கும், பிளேனு நிக்க முடியாது. எறங்க எடம் இல்லீன்னா வட்டம் அடிச்சுட்டே இருக்கோணும், எண்ணெ தீரும். மெட்ராசுல மழைன்னு வெச்சுக்கங்க, எறங்கறது பாதியாக் கொறஞ்சுரும். அதனால கோயமுத்தூருல, மதுரைல கெளம்பறதுக்கு முன்னாலயே நில்லுன்னு சொல்லிருவோம்."

"பறக்கறதப் பறக்க உடாம உக்கார வெக்கறதுக்குச் சம்பளம். உள்ள உக்காந்திருக்கறவன் திட்ட மாட்டானா?"

"திட்டுவாங்க. மழை பேஞ்சாலே எங்களத்தான்."

"வானம் அம்புட்டுப் பெருசு. ஒதுங்கிப் போகத் தெரியாதா அவனுகளுக்கு?"

"வானம் பெருசுதானுங்க. அத ஒவ்வொரு துண்டாப் பிரிச்சு ஒவ்வொருத்தரு பாப்பாங்க. அந்த ஆளோட தலை சின்னதுதானுங்களே. ஒரே சமயத்துல கொஞ்சம் பேருக்குத்தான் வழி சொல்ல முடியும். அதுக்கு மேல போனா தப்பு வந்துரும்."

"அப்ப இன்னும் ரெண்டு ஆளச் சேத்துப் போடறது."

"இன்னும் சின்னத் துண்டாப் பிரிச்சா, பிளேன ஒருத்தருகிட்ட இருந்து ஒருத்தருக்கு மாத்தி உடறதுலயே நேரம் போயிருதுங்க."

எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கிறான். உண்மை பேசுகிறவன் எங்கேயாவது ஒரு இடத்தில் திக்குவான், தலையைச் சொறிவான். இவன் எங்கேயும் திக்கவில்லை என்பதைக் குழந்தைசாமி மனசில் குறித்துக்கொண்டார். அப்படியே அண்ணாந்து பார்த்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலே பஸ் இன்னும் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது.

எவ்வளவு வேண்டாம் என்று நினைத்தாலும், தான் அழைத்து வரப்போன கூட்டம் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று ஊர் பேசுவதை அவரால் பொறுக்க முடியாது. ஏட்டிடம் போனார்.

"ஏனுங்க, இது நிச்சயத்துக்குப் போற வண்டி. எமகண்டத்துக்குள்ள போய்ச் சேரோணும். இது ஒண்ண மட்டும் உடுங்க."

"யோசனை சொன்னாரே, அவருதான் மாப்ளயா? மொதல்லயே சொல்றதில்லீங்களா" என்று ஏட்டு தடுப்பை நகர்த்த ஆரம்பித்தார். "ஒரு வண்டிதான. ஒதுங்கி ஒதுங்கிப் போயிருங்க."

குழந்தைசாமி வேனில் ஏறிவிட்டார். டிரைவரும் வண்டியைக் கிளப்பினான். அதைப் பார்த்ததும் பின்னால் நின்ற அத்தனை வண்டியும் உறும ஆரம்பித்தது, ஒரு வெள்ளைக் கார் பக்கவாட்டில் மூக்கை நீட்டியது. சசிகுமார் வேனுக்கு முன்னால் போய் நின்றான்.

"வேண்டாங்க சார், தடுப்பப் போடுங்க. பஸ்ஸு இன்னும் எறங்கல."

அவன் அப்பன் அர்த்தனாரி ஜன்னலில் தலையை நீட்டினார். "டேய், பெரியவரு சொல்றாரு. இன்னிக்கு ஒரு நாளு உன்ர சட்டத்த ஓரமா வெய்யி. நம்ம ஒரு வண்டி போனா மலை சாஞ்சுருமா?"

"பின்னால நிக்கற எல்லாருமே ஒரு வண்டிதானுங்கப்பா."

குழந்தைசாமி இறங்கி அவன் முகத்துக்கு நேரே போனார். "தெரிஞ்சுதான் நிக்கறயா? நேரம் போச்சுன்னா பொண்ணு இல்ல. நான் சொன்னாச் சொன்னதுதான்."

சசிகுமாருக்குச் சந்தனம் வியர்வையில் வழிந்தது. கையிலிருந்த போன் அடித்தது. கௌசிகாதான். எடுத்தான். "கீழதான் நிக்கறோம். இல்ல, நேரத்துக்கு வர முடியாது" என்றான். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, உதட்டைக் கடித்துக்கொண்டு போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"தெரியுமுங்க" என்றான் அவரிடம். "ஏறுனாலும் நடுவுல மாட்டி நேரம் போயிருமுங்க. நம்மளால மத்தவங்களுக்கும் போயிரும்."

ஏட்டு தடுப்பை மறுபடியும் போட்டார்.

பஸ் இறங்கியது. அதன் பின்னால் மாட்டிக் கிடந்ததெல்லாம் இறங்கியது. அப்புறம்தான் தடுப்பைத் திறந்து பத்துப் பத்தாக விட்டார்கள். வேன் ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறியது. ஒரு வளைவிலாவது நிற்கும், வாய் நிறையத் திட்டலாம் என்று குழந்தைசாமி காத்துக்கொண்டு வந்தார். நிற்கவேயில்லை. அது வேறு எரிச்சல்.

வீட்டு வாசலில் இறங்கும்போது வெயில் உச்சி தாண்டிவிட்டது. பந்தலில் பாய் விரித்துச் சனம் உட்கார்ந்திருந்தது. வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு பழனாயி வெயிலைப் பார்த்தாள், பிறகு அப்பனைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் கௌசிகாவின் சேலை நுனி மட்டும் தெரிந்தது. அவர் போட்ட நிபந்தனை எல்லாருக்கும் தெரியும்.

குழந்தைசாமி ஒரு செம்பு தண்ணீர் வாங்கி நிதானமாகக் குடித்தார்.

"எமகண்டம் கழியட்டும். அதுக்கப்பறம் தட்டு மாத்திக்கலாம். அது வரைக்கும் எல்லாருக்கும் சோறு போடுங்க."

"நீங்கதானுங்கப்பா நேரம் போச்சுன்னா..." என்று இழுத்தாள் பழனாயி.

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன். உன்ர மாப்ளைக்குத்தான் நிக்கறது பழக்கமாச்சே, நிக்கட்டும்."

"என்ன நடந்துச்சுங்க?" என்று பந்தலில் யாரோ கேட்டார்கள்.

"நடந்துச்சு. பொண்ணு கையவுட்டுப் போகுதுன்னு தெரிஞ்சும், தடுப்பத் தெறந்து உட்டும் போகாம நின்னான். பொழைக்கத் தெரியாத பய. இவன் கோட்டை கட்டப் போறதில்ல. ஆனா கௌசிகாவுக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ற சாமர்த்தியமும் இவனுக்கு இல்ல. அவளுக்கு அது போதும்னா எனக்கென்ன."

கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பழனாயி தட்டை இறக்கி வைத்துவிட்டு இலை போட ஓடினாள்.

சாப்பிட்டு முடித்ததும் சனம் சசிகுமாரைச் சுற்றிக்கொண்டது. அவன் பாயின் மேல் விரலால் கோடு கிழித்து, இது சென்னை, இது மதுரை, இந்தத் துண்டுக்கு ஒரு ஆள், அந்தத் துண்டுக்கு ஒரு ஆள் என்று விளக்கிக்கொண்டிருந்தான். எல்லாரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். மாணிக்கம் எல்லாரையும்விட அதிகமாக ஆட்டினான், கேட்டைப் பார்த்தவன் இல்லையா.

அர்த்தனாரி வெற்றிலையை மடித்துக்கொண்டே இவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாமா, இப்பவாச்சும் எம்பையன் வேலைய நம்பறீங்களா?"

"மலை ரோட்டுல வளைவு இருக்குது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நிறுத்தி வெச்சான், செரி. வானத்துல வளைவு எங்க இருக்குது? பாறை எங்க இருக்குது? காட்டச் சொல்லுங்க பாக்கலாம்."

அர்த்தனாரி சிரித்து மழுப்பினார். பாயில் குனிந்து கோடு கிழித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, அதற்கும் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். குழந்தைசாமி அதைக் கேட்க நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வானத்தைத் துண்டு போடுகிறானாம் என்று முனகியபடி மிளகுக் கொடிப் பக்கமாக நடந்தார்.