வால் இல்லாத ஓசை

சமையலறை மேசை முழுக்கத் தாள்கள். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவை. கொரீன் நூலகத்தில் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் ஓசை, ஓசைகளைச் சேர்த்தால் சொல். பார்க்க எளிதாகத்தான் இருந்தது.

எதிரே ஆறு வயது மகள் டெல்லா, சிரப் ஒட்டிய விரல்களோடு. வெள்ளிக்கிழமை பள்ளியில் வாசிப்புத் தேர்வு. தேறாவிட்டால் மறுபடியும் ஒன்றாம் வகுப்புதான் என்று டீச்சர் மிஸ் ஹால்வர்சன் சொல்லிவிட்டார். டெல்லாவுக்குப் படத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் தெரியும். படத்தைக் கையால் மறைத்தால் வாயடைத்துப்போவாள்.

“சொல்லு கண்ணு. ப... இ... ன...”

“ப, இ, ன.”

“சேர்த்துச் சொல்லு பாப்போம்.”

“பயின.”

“பயினவா? குண்டூசி பாத்திருக்கல்ல? பின்!”

“நீ சொன்னதைத்தானே சேர்த்தேன்!” பென்சில் பறந்து குளிர்பெட்டியில் மோதியது.

கணவன் வேட் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். மினசோட்டாவில் ஏப்ரலிலும் சாலையில் பனி தள்ளுகிற வேலை அவனுக்கு.

“காலங்காத்தால ரெண்டு பேரும் ஆரம்பிச்சிட்டீங்களா? கொரீன், நீ வாத்தியாரம்மா இல்ல, பேக்கரிக்காரி. விட்டுடேன்.”

“விட்டுட்டு? அவ ஃபிரெண்ட்ஸ் எல்லாம் ரெண்டாம் கிளாஸ் போவாங்க, இவ மட்டும் இங்கயே உக்காந்திருக்கணுமா? நீயே சொல்லு.”

வேட் முதல் தாளை எடுத்து மேலோட்டமாகப் பார்த்தான். “முதல்ல ஒலிப்பதிவைக் கேளுங்கன்னு போட்டிருக்கே. கேட்டியா?”

“ஏ பி சி டி கூடவா எனக்குத் தெரியாது?”

“தெரியும் தாயே, தெரியும்” என்றபடி அவனே போனில் அதைப் போட்டுவிட்டான்.

ஒரு பெண்ணின் குரல். “ப்” என்றது. உதடு பிரிகிற சத்தம், அவ்வளவுதான். பிறகு மூக்கிலேயே நிற்கும் ஒரு “ன்”. நாம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்து நிறுத்துவோமே, அப்படி.

டெல்லா நிமிர்ந்தாள். “அம்மா, இந்த ஆன்ட்டி வால் ஒட்டாம சொல்றாங்க. நீ எல்லாத்துக்கும் ஒரு ‘அ’ வால் ஒட்டற.”

கொரீன் உதட்டைக் குவித்துச் சொல்லிப் பார்த்தாள். “ப.” வால் வந்தது. “ப.” மறுபடியும்.

“மூச்சை நிறுத்தும்மா!”

“ப்.”

“ஆங், அதான். ப்... இ... ன்... பின்!” டெல்லா கத்தினாள். “பின்! அம்மா, பின்!”

வேட் ஒரு பூட்ஸோடு நின்றான். “அப்போ இத்தனை நாளா புள்ள மேல தப்பு இல்லையா?”

“நீ கிளம்பு, பனி உருகிடப்போகுது” என்றாள் கொரீன். முகம் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் போனில் அந்தக் குரல் முதலில், அம்மா பிறகு. வால் எட்டிப் பார்த்தால் டெல்லா கத்தரிக்கோல் போல விரலைக் காட்டுவாள்.

வெள்ளிக்கிழமை, பள்ளித் தாழ்வாரத்தில் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்கக் காத்திருந்தாள் கொரீன். கதவு திறந்தது. மிஸ் ஹால்வர்சன் டெல்லாவோடு வெளியே வந்தார்.

“படமே இல்லாத பக்கம். ஒண்ணொண்ணா ஓசை சேர்த்துப் படிச்சா. தேறிட்டா. ரெண்டாம் கிளாஸ்தான்.”

கொரீனால் எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலி இடுப்பைக் கவ்விக்கொண்டது. டீச்சர் ஒரு கையும் டெல்லா ஒரு கையும் பிடித்து இழுக்க, அழுதபடியே சிரித்தாள்.

“அம்மா, அர்த்தமே இல்லாத வார்த்தை எல்லாம் வச்சிருந்தாங்க. ‘வாப்’னா என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அப்புறம் எதுக்குப் படிக்கச் சொல்லணும்?”

“நீ ஊகிச்சிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்” என்றாள் கொரீன்.

காரில் போகும்போது கொரீனின் தோள்கள் பல வாரங்களுக்குப் பிறகு இறுக்கம் தளர்ந்திருந்தன. பின்னிருக்கையில் டெல்லா ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முணுமுணுத்தாள். “ஹ்... ஆ... ட்... ஹாட். ஹ்... ஆ... ம்... ஹாம். ஹாட் ஹாம்! அம்மா, நிறுத்து!”

சாலையோர உணவகத்தின் பலகை. படமே இல்லை.

“உனக்குத்தான் பன்றி இறைச்சியே பிடிக்காதே!”

“பிடிக்காதுதான். ஆனா நானே படிச்சேனே, வாங்கித்தான் ஆகணும்.”

கொரீன் வண்டியைத் திருப்பினாள்.