நான்கு மணி மல்யுத்தம்

பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவன் அன்று சாயங்காலம் வாங்கி வந்தது ஒரு கத்தரிக்கோல். வீட்டில் ஏற்கெனவே ஐந்து கிடந்தன. ஒன்றும் சமயத்தில் கண்ணில் படாது என்பதால் ஆறாவது. மனைவிக்கு வந்ததே கோபம்! மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள் அவள். இருமல் மருந்துக்கு வந்தவர்கள் சீப்பும் பொம்மையுமாக அள்ளிக்கொண்டு போவதைத் தினமும் பார்த்துச் சலித்தவள். அவள் மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்டுவிடாதீர்கள். அவள் வாங்கிக் குவித்த டப்பாக்களால் அடுக்களை அலமாரியின் கதவு சாத்தாது.

"இந்த மாசம் பூரா சாப்பாட்டுச் சாமான், மருந்து, வாடகை, கரண்ட். அவ்வளவுதான். வேற எதுக்கும் காசு வெளிய போகக் கூடாது."

"வெளிய ஒரு டீ கூடவா?" என்றான் கணவன்.

"பிளாஸ்க்ல போட்டுத் தரேன்."

"என்னம்மா, வீட்டுக்குள்ள ஊரடங்கா?" என்று நாற்காலியிலிருந்து சிரித்தார் மாமனார்.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மலை மலையாகச் சரக்கைக் கப்பலிலிருந்து இறக்கியவர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மகன் அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல் அவர் எழுந்திருப்பதில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் போகும்போது வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்: "எலும்பு சரியாயிடுச்சுக்கா. பயம்தான் போகல. இனி அவரா எழுந்தாத்தான் உண்டு. இப்படியே விட்டா நாற்காலியோட சரி."

செலவு நிறுத்திய அந்த வாரமே டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தது. கணவன் எதையோ விற்கும் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தீர்ந்ததால், டிவி அங்கேயே நின்றுவிட்டது. டிவியிலுள்ள பட்டனை அழுத்திச் சேனல் மாற்றினாலும், மறுநாள் போட்டால் மறுபடி ஒருவன் மிக்ஸியைத் தூக்கிக் காட்டி, "இன்றே வாங்குங்கள்!" என்று கத்தினான். கடிகாரத்தில் இருந்தது ஒரே ஒரு பேட்டரி, ரிமோட்டுக்கோ இரண்டு வேண்டும்.

"ரெண்டு பேட்டரிம்மா. மருந்துக் கணக்குல சேர்த்துக்கயேன்," என்று கெஞ்சினார் மாமனார். நான்கு மணிக்கு மல்யுத்தம் பார்க்காவிட்டால் அவருக்கு அன்று பொழுது போன மாதிரியே இருக்காது.

"சட்டம்னா சட்டம் மாமா. நான் வந்து பட்டனை அழுத்தறேன்."

இரண்டு நாள் அழுத்தினாள். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து, மாவு பிசைந்துகொண்டிருந்தபோது நான்கு மணியாகிவிட்டது. "ஆரம்பிச்சிருப்பான்மா!" என்று குரல் வந்தது. "கையெல்லாம் மாவு, ஒரு நிமிஷம் இருங்க மாமா," என்றாள். மிக்ஸிக்காரன் விடாமல் கத்தினான். மாமனார் அவனை ஒரு வசவு வைதார். அப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். அவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தார்.

"மெல்ல... மெல்ல..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உடம்பு ஒரு சாண் எழுந்தது. "நிறுத்து." அப்படியே நின்றது. அவருடைய பழைய பேச்சு அவளுக்கு நினைவு வந்தது. எந்தச் சரக்கானாலும் ஒரு சாண் தூக்கி நிறுத்தி, சங்கிலி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே ஏற்ற வேண்டுமாம். இப்போது அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இடுப்பை, முழங்காலை, பாதத்தை.

ஓடிப் போய்ப் பிடிக்கத்தான் அவளுக்குக் கால் துடித்தது. பிடித்தால் காரியம் கெட்டுவிடும் என்று ஏனோ தோன்றியது. மாவுக் கையோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்போ தூக்கு."

எழுந்துவிட்டார். முழு ஆளாக, நிமிர்ந்து. இத்தனை உயரமானவர் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவருடைய கிரேனைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறாள், அவர் பாரம் தூக்கி இன்றுதான் பார்க்கிறாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போய், டிவியின் பக்கவாட்டில் தடவி, பட்டனை அழுத்தினார். மிக்ஸிக்காரன் ஒழிந்தான். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பார்க்காதவள் போல உள்ளே போய் மாவைப் பிசைந்தாள்.

மறுநாள் நூல்கண்டு தேடி இழுப்பறையைக் குடைந்தபோது, அடியில் ஒரு பேட்டரி பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. இருப்பது தெரியாமல் வாங்குகிற வீடாயிற்றே! ஒரு கணம் யோசித்தாள். பாக்கெட்டைப் பருப்பு டப்பாவின் அடியில் புதைத்து மூடினாள். "பாவம்டி அப்பா, ரெண்டு பேட்டரி வாங்கிடறேன்," என்று கணவன் சொன்னதற்கும், "மூச்சு விடக் கூடாது," என்றுவிட்டாள்.

தினமும் நான்கு மணிக்கு, மெல்ல, நிறுத்து, தூக்கு. ஒவ்வொரு நாளும் அவள் அடுக்களையிலிருந்து முதல்முறை போலவே வாய் பிளந்து பார்த்தாள்.

மாதம் முடிந்த அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது, மாமனார் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"கடலை யாரு எடுத்துக் குடுத்தா?"

"எவன் குடுப்பான்? நானேதான் போய் எடுத்தேன். ஏம்மா, பருப்பு டப்பால பேட்டரி எதுக்கு?"

அவள் திரும்பி அடுக்களையைப் பார்த்தாள். உள்ளே போக உயரமான இரண்டு படி. படியோரம் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

"எப்ப பார்த்தீங்க மாமா?"

"போன வாரமே, கடலை தேடறப்போ."

"பார்த்தும் ஏன் சொல்லல?"

அவர் கடலையை மென்றார். "நீ ஏன் சொல்லல?" என்றார்.

அந்த நேரம் கணவன் உள்ளே வந்து, வாசலிலிருந்தே புது பேட்டரியை ஆட்டிக் காட்டினான். "அப்பா, மாசம் முடிஞ்சுது! இந்தாங்க."

மாமனார் நாற்காலியின் கைகளைப் பிடித்தார். கணவன் தூக்க ஓடினான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எதுக்குடா வெட்டிச் செலவு?" என்றபடி அவர் எழுந்து டிவியிடம் நடந்தார்.